சனமில்லாத இடம்

கமலாசனி அன்று காலை இளையதம்பியின் கடைக்குப் போனது கால் கிலோ பருப்பு வாங்க. வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பியிருந்தால் இன்னும் அரைநாளாவது நிம்மதியாக இருந்திருப்பாள். ஆனால் கடைவாசலில் ஆண்கள் நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றித் தலையோடு தலை முட்ட நின்றார்கள். வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தவர்கள், வேறென்ன வேலை. எங்கோ வடக்கே ஒரு குளிர் நாட்டின் விமானப்படைத் தளத்தில், முதல்நாள் விடியக்காலை அயல்நாட்டுக்காரர் களவாக அடித்திருக்கிறார்கள். அந்தத் தளத்தின் வேலிக்கு வெளியே பூந்தோட்டம் இருந்ததாம். அதற்குள் தேன்பெட்டி வைப்பவர்கள் போல வந்து பெட்டி பெட்டியாக அடுக்கினார்களாம். மேல்தட்டில் தேனீ, கீழ்த்தட்டில் ட்ரோன். மூன்று மாதம் அப்படியே கிடந்ததாம். காவலுக்கு நின்ற சிப்பாய்கள் அவர்களிடமே தேன் வாங்கிப் பாணுக்குப் பூசித் தின்றார்களாம்.

"ஐயோ, தேன் வாங்கித் திண்டிருக்கிறாங்கள் அண்ணை! எவ்வளவு பெரிய ஆமி! ஓடுறாங்கள் பாருங்கோ, காற்சட்டையும் இல்லாமல்!" என்று உழவு மெஷின் ஓட்டுகிறவன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

சண்டைக்குள் வளர்ந்த முரசுமோட்டை ஊர் ஆண்களுக்கு இந்த விஷயத்தில் யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. எத்தனை மாதம் வேவு பார்த்திருப்பார்கள், எந்தப் பக்கக் காவலரண் பலவீனம், நித்திரை எந்த நேரத்தில் கூட அமுக்கும் என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். விளையாடி ஓய்ந்தவர்கள் ஓரத்தில் நின்று ஆட்டம் பார்ப்பதைப் போல இருந்தது. கமலாசனியும் எட்டிப் பார்த்தாள். சின்னத் திரையில் ஒரு விமானம் முதுகு பிளந்து எரிந்தது. எந்த நாட்டு ஆமியாக இருந்தால் என்ன, ஆமி ஆமிதானே. அவளுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி இறங்கியது உண்மை. பொய் சொல்லக் கூடாது.

"நல்லா வேணும். நித்திரை கொள்ளுற ஆக்களை இப்பிடித்தான் எழுப்போணும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இளையதம்பி கண்ணாடியை மூக்கில் ஏற்றி, படத்துக்குக் கீழே இருந்த எழுத்தைக் கூட்டி வாசித்தார். வாயில் நுழையாத பெயர், மூன்றாம் தரம்தான் முழுசாக வந்தது. அந்தப் பெயர் கமலாசனிக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஏழு மாதமாகப் பின்னேரத்தில் பிள்ளையாருக்கு விளக்கு வைக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் கும்பிட்டு வருகிறாள். நாடு பெரிசு, பிள்ளையாருக்கு இடம் பிடிபடாமல் போய்விடக் கூடாதே என்று மகனிடம் கேட்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் பாடமாக்கி வைத்திருந்தாள்.

"அண்ணை, அந்தப் பேரை இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள்.

அவர் சொன்னார். சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகுதான் அவருக்கும் உறைத்தது, அவளுடைய மகன் கோகுலன் குசினியில் சமைக்கப் போன இடம். உழவு மெஷின்காரன் போனைக் கவிழ்த்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான். "அது பெரிய இடம் தங்கச்சி, ஏக்கர் கணக்கில இருக்கும். குசினி எங்கயாவது ஒரு மூலையில கிடக்கும்" என்று இளையதம்பி பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் பருப்பை வாங்காமலே வீட்டுக்கு நடந்தாள்.

மருமகள் சாரங்கா வேலைக்குப் போயிருந்தாள். கிளிநொச்சியில் தையல் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. மூன்று வயதுப் பேத்தி தனுஷா விறாந்தையில் சோற்றுக் கோப்பையோடு இருந்தாள், பக்கத்து வீட்டு வடிவம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கமலாசனி மகனுக்குப் போன் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவன் எடுப்பான், மற்ற நாட்களில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்தான். அது தெரிந்தும் எடுத்தாள். அந்த நாட்டுப் பாஷையில் ஒரு பெண் ஏதோ சொல்லிவிட்டு வைத்தாள். கமலாசனி திரும்பத் திரும்ப எடுத்தாள், அந்தப் பெண்ணும் சலிக்காமல் அதையே சொன்னாள்.

அவளுக்கு நினைவுக்கு வந்தது வேறு ஒரு போன் கதை. அது போன கார்த்திகை மாதம் வந்தது. அவள் ஒருவரின் வயலில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டு நின்றாள். கோகுலன் எடுத்தான். போய் இறங்கி நாலு நாள்தான். கைச்சேற்றைச் சீலையில் துடைத்துக்கொண்டு வரம்பில் குந்தினாள்.

"அம்மா, ரெண்டு இடம் சொல்றாங்கள், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஒண்டு டவுணுக்குள்ள பாண் பேக்கரி. என்னோட வந்த முல்லைத்தீவுப் பெடியன் வின்சன் அங்கதான் போறான். மற்றது எயார்போர்ஸ் காம்பில குசினி. டவுணில போன கிழமை ஒரு மாடிவீட்டில ட்ரோன் விழுந்ததாம். ஆனா காம்புக்குள்ள போக எனக்கு மனமில்லையணை. அந்த உடுப்பைக் கண்டாலே ஒரு மாதிரிக் கிடக்கு."

கமலாசனி யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது, அவள் கண்ணால் கண்டதுதானே. செல் குண்டு எங்கே விழும் என்று இந்த உலகத்தில் யாருக்காவது தெரியுமென்றால் அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் விழும். ஆஸ்பத்திரியில் விழும். தறப்பாள் கொட்டிலில், கோயில் மடத்தில், கிணற்றடியில் விழும். கடைசிச் சண்டையில், மாத்தளனில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்தில் விழுந்தது. அவளுடைய புருசன் யோகநாதன் கையில் ஏதனத்தோடு நின்றார், மற்றக் கையில் பத்து வயதுக் கோகுலன். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை, செத்த பிறகும் தகப்பன் பிடித்திருந்த கை மட்டும் விடவில்லை. அதைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஐந்து மாதம் இடம் மாறி இடம் மாறி ஓடிய ஓட்டத்தில் அவள் படித்தது ஒன்றே ஒன்று. செல் முகாமிலிருந்து புறப்படும், சனத்தின் தலையில் விழும். முகாமுக்குள் விழுந்து அவள் கண்டதில்லை. சண்டை முடிந்து திரும்பி வந்த பிறகும் ஊரெல்லாம் வெறும் அத்திவாரமாகக் கிடந்தது, முகாம் மட்டும் வெள்ளை அடித்த கல்லும் பூமரமுமாக நின்றது.

"தம்பி, நான் சொல்றதைக் கேள். சனம் இருக்கிற இடத்திலதான் விழும். சனமில்லாத இடமாப் பாத்துப் போ. காம்புக்குள்ள இரு. தங்கட தலையில விழ விடுவாங்களே?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "ஓமணை. அப்ப நான் அங்கயே போறன்" என்றான்.

அவ்வளவுதான் கதை. வைத்துவிட்டு அவள் திரும்பவும் வயலில் இறங்கினாள். மகனைப் பத்திரமான இடத்தில் இருத்திவிட்டோம் என்று அன்று இரவு வயிறார உண்டாள்.

கடையில் சேதி கேட்டதற்கு அடுத்த நாள் மாமியும் மருமகளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்கு பஸ் ஏறினார்கள். கோகுலனை அனுப்பிய ஏஜென்சிக்காரன் அஜந்தன் நெளுக்குளத்தில் இருந்தான். முன்னறையில் கண்ணாடி மேசை போட்டு, ஏசி பூட்டி வைத்திருந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது, இவர்களைக் கண்டதும் எழும்பிக் கதிரை இழுத்துப் போட்டான், பிள்ளைக்கு பிஸ்கட் கொடுத்தான். அந்த நாட்டு அரசாங்கத்தின் அறிக்கையைக் கொம்பியூட்டரில் எடுத்துக் காட்டி, வரி வரியாகத் தமிழில் சொன்னான்.

"ரெண்டு விமானம் எரிஞ்சிருக்கு, எண்ணெய்த் தாங்கி ஒண்டு போயிருக்கு. ஆளுக்குச் சேதமில்லை. ஒருத்தருமே சாகேல்லை எண்டு அவங்களே எழுதியிருக்கிறாங்கள் அம்மா. பேந்தென்ன? போனைப் பறிச்சு வச்சிருப்பாங்கள், விசாரணை நடக்குமெல்லே."

ஒருத்தருமே சாகவில்லை. இப்படி ஒரு கணக்கை முந்தியும் கமலாசனிக்குச் சொல்லியிருக்கிறார்கள். யோகநாதனை அவள் பதுங்குகுழிக்குள் தள்ளி மண் மூடிய கிழமையில் ரேடியோவில் சொன்னார்கள், பொதுமக்களுக்குச் சேதமில்லை என்று. ஒரு இராணுவம் ஒருவரும் சாகவில்லை என்று சொன்னால் அதற்கு என்ன கருத்து என்று அவளுக்குத் தெரியாதா.

சாரங்கா அறிக்கையைப் பார்க்கவே இல்லை. "என்ர மனுசனை நீங்கள் ஏன் காம்புக்கு அனுப்பினனீங்கள்? பேக்கரி எண்டு சொல்லித்தானே கூட்டிக்கொண்டு போனனீங்கள்?" என்று கேட்டாள். குரல் ஏறிவிட்டது.

"தங்கச்சி, நான் அனுப்பேல்லை. ரெண்டு இடமும் காட்டினவங்கள். உங்கட அவர்தான் காம்ப் எண்டு கேட்டு எழுதிக் குடுத்தவர். இஞ்ச கையெழுத்து இருக்கு."

"பொய்! காம்ப் எண்டால் ரோட்டை மாறி மற்றப் பக்கத்தால போற மனுசன் அவர். ஆமிக் கன்ரீனில ஒரு பிளேன்ரீ குடிக்கமாட்டார். அவரோ கேட்டு எழுதினவர்?"

அஜந்தன் கமலாசனியைப் பார்த்தான். கமலாசனி குனிந்து பிள்ளையின் செருப்பு வாரை இறுக்கினாள். அது இறுக்கமாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சாரங்காவுக்கு அஜந்தன்தான் எல்லாம். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தாள். கிராம சேவகரிடம் போனாள், மனித உரிமைக் கந்தோருக்குப் போனாள். போன இடமெல்லாம் அழாமல், கண் சிவக்க, ஒரே கதையைச் சொன்னாள். ஏஜென்சிக்காரன் ஏமாற்றிக் காம்புக்கு அனுப்பிவிட்டான். அதைச் சொல்லச் சொல்ல அவளுக்கு உடம்பில் பலம் வருவது கமலாசனிக்குத் தெரிந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்து ஒவ்வொரு தரமும் கேட்டாள். சோறு இறங்கவில்லை. மூன்று தரம் சொல்ல வெளிக்கிட்டாள். ஒரு தரம் குசினிக்குள், ஒரு தரம் உடுப்புக் காயப்போடும்போது, ஒரு தரம் பிள்ளை நித்திரையான பிறகு. மூன்று தரமும் "என்ன மாமி?" என்று சாரங்கா திரும்பிப் பார்த்தாள், இவள் உப்பு முடிந்துவிட்டது என்றோ மழை வரும்போல கிடக்கு என்றோ சொல்லிச் சமாளித்தாள்.

பயம்தான், வேறென்ன. சாரங்காவின் தாய் தங்கம்மா விசுவமடுவிலிருந்து இரண்டு தரம் வந்து போய்விட்டாள். "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாவன், இஞ்ச தனிய இருந்து என்ன செய்யப் போறாய்?" என்று மகளிடம் கேட்டது கமலாசனியின் காதில் விழுந்தது. சாரங்கா, "மாமியை விட்டிட்டு எப்பிடி அம்மா?" என்றாள். உன் புருசனைச் சாகக் கொடுத்தது நான்தான் என்று தெரிந்தால் அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லுவாளா? பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படலையைத் திறந்து போய்விடுவாள். போனால் குற்றம் சொல்ல ஏலாது. பிறகு இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

பதினோராம் நாள் மத்தியானம் வின்சன் போன் எடுத்தான்.

"அம்மா, நான் வின்சன். முல்லைத்தீவு. கோகுலனோட வந்தனான்." மூக்கை உறிஞ்சினான். "பேக்கரியிலயிருந்து அந்தக் காம்புக்குப் பாண் கொண்டுபோற வான்காரன் ஒருத்தன் இருக்கிறான். இண்டைக்குத்தான் வாயைத் திறந்தவன். நான் உங்களுக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாது எண்டு…"

"சொல்லு தம்பி."

"விடியக்காலமை நாலு மணியாம். முழுக் காம்பும் நித்திரை. அடுப்பு மூட்ட எழும்பின குசினி ஆக்கள் ஏழு பேர்தான் முழிச்சிருந்தவை. லைட் எரிஞ்சதும் அங்க மட்டும்தானாம். முதல் ட்ரோன் நேர அங்கதான் போனதாம். ஏழு பேரும் எங்களைப் போல வெளிநாட்டு ஆக்கள். ஆமியின்ர பதிவில பேர் இல்லை. அதுதான் ஒருத்தரும் சாகேல்லை எண்டு எழுதினவங்கள்."

"உடம்பு?"

"அண்டைக்கே புல்டோசரால மண் போட்டு மூடிட்டாங்களாம், அம்மா." இப்போது அவன் வாய்விட்டு அழுதான். "இஞ்ச ஒண்டும் விழேல்லை. பேக்கரி அப்பிடியே கிடக்கு. என்ர பக்கத்துக் கட்டில் இப்பவும் சும்மாதான் கிடக்கு. காம்பு சரிவராட்டி வருவன் எண்டு சொன்னவன், நான் ஒருத்தரையும் படுக்க விடாமல் பிடிச்சு வச்சனான்."

கமலாசனி அழவில்லை. "நீ சாப்பிட்டியோ, மோனை?" என்று கேட்டாள். ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் ஓம் என்றான். போன் நின்ற பிறகும் கனநேரம் காதில் வைத்துக்கொண்டே இருந்தாள். முற்றத்தில் தனுஷா ஒரு சிரட்டையில் மண்ணை நிரப்பிப் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு பிடி கொண்டுவந்து கொடுத்தாள், இவள் தின்பதுபோலக் காட்டினாள்.

சாரங்கா ஐந்து மணிக்கு வந்தாள், தொழிற்சாலைச் சட்டையோடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க. படலையடியில் மாமியின் முகத்தைக் கண்டதும் அவளுடைய நடை நின்றுவிட்டது. கமலாசனி அவளை விறாந்தையில் இருத்தி, வின்சன் சொன்னதை அவன் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னாள். மறைக்க ஒன்றுமில்லை. சாரங்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அட்டையின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள், விரல் நுனி வெளுத்துப் போனது.

"அந்த அஜந்தனை நான் விடமாட்டன், மாமி. நாளைக்கே வவுனியாக் கோட்டுக்குப் போறன். அவன்தானே…"

"அவன் பொய் சொல்லேல்லை, பிள்ளை."

சாரங்கா நிமிர்ந்தாள்.

"நான்தான் சொன்னனான். என்னட்டக் கேட்டவன், பேக்கரிக்குப் போகவோ காம்புக்குப் போகவோ எண்டு. காம்புக்குப் போக மனமில்லை எண்டும் சொன்னவன். சனம் இருக்கிற இடத்திலதான் விழும், காம்புக்குள்ள இரு எண்டு நான்தான் அனுப்பினனான். என்ர வாயாலதான் போனவன். பத்து நாளாச் சொல்லேலாமல் கிடந்தனான். நீ என்னை என்ன வேணுமெண்டாலும் சொல்லு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விசுவமடுவுக்குக் கொம்மாவிட்டப் போறதெண்டாலும் போ."

சொல்லி முடித்து ஏச்சுக்குக் காத்திருந்தாள். ஏதாவது எடுத்து எறிந்தால்கூட நல்லது என்று இருந்தது.

"எத்தினை மணிக்கு எடுத்தவர்?" என்று சாரங்கா கேட்டாள்.

"என்ன?"

"அண்டைக்கு. உங்களுக்கு எத்தினை மணிக்குப் போன் எடுத்தவர்?"

"பத்து, பத்தரை இருக்கும். வெயில் ஏறிட்டுது."

சாரங்கா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். "எனக்கு ஒன்பது மணிக்கு எடுத்தவர், மாமி. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு நான் லீவில நிண்டனான். இதே கதைதான் கேட்டவர். எங்கட பள்ளிக்கூடத்தில செல் விழேக்க நான் அதுக்குள்ள இருந்தனான்தானே? காம்புக்கே போங்கோ, அங்க ஒண்டும் விழாது எண்டு நானும் சொன்னனான்." விரலில் சுற்றிய நாடாவை அவிழ்த்தாள். "எதுக்கும் அம்மாட்ட ஒருக்காக் கேக்கிறன் எண்டிட்டு வச்சவர்."

கமலாசனிக்கு அந்த வரம்பும் சேறும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தானே, அது என்ன சத்தமில்லாமை என்று இப்போதுதான் விளங்கியது. பெண்சாதி போ என்றதும் மனம் கேளாமல் அவன் தாயிடம் வந்திருக்கிறான். தாயாவது வேண்டாம், மோனை, போகாதை என்று சொல்லுவாள் என்று வந்திருக்கிறான்.

"நீங்கள் மறிப்பியள் எண்டு நினைச்சிருப்பார், மாமி" என்று சாரங்கா சொன்னாள். குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அஜந்தனைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் உள்ளுக்குள் எதை மூடி வைத்திருந்தாள் என்று கமலாசனிக்குத் தெரிந்துவிட்டது. ஒரே வீட்டில், ஒரே பாயில், பத்து இரவு இரண்டு பேரும் ஒரே பாவத்தை ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறார்கள்.

செத்தவீட்டுச் சேதி வந்தால் முதலில் தலை முழுக வேண்டும். சின்னவர் பெரியவர் எல்லாரும் முழுக வேண்டும். பிறகுதான் மற்றதெல்லாம். சேதியென்று ஒருவரும் சொல்லாததால் இந்த வீட்டில் இதுவரை யாரும் முழுகவில்லை. கமலாசனி எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். கப்பி கிறீச்சிட வாளியை விட்டாள். சாரங்கா பின்னால் வந்தாள். சட்டை மாற்றவில்லை, அட்டையைக் கழற்றவில்லை. துவைகல்லுக்குப் பக்கத்தில் குந்தித் தலையைக் குனிந்தாள். கமலாசனி தலையோடு ஊற்றினாள். முதல் வாளிக்கு அவள் அசையவில்லை. இரண்டாம் வாளி விழும்போதுதான் அவளிடமிருந்து அந்தச் சத்தம் வந்தது. பக்கத்து வளவில் வடிவம்மா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வேலியடிக்கு ஓடிவந்தாள், வந்தவள் கிணற்றடியைக் கண்டு அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு சாரங்கா எழும்பிக் கயிற்றை வாங்கினாள். மாமியை இருத்தி, தண்ணீர் அள்ளி ஊற்றினாள். இரண்டு பேருக்கும் மூச்சு முட்ட முட்ட மாறி மாறி ஊற்றினார்கள்.

தனுஷா முற்றத்திலிருந்து ஓடி வந்தாள். நனைந்து நின்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து குளிப்பதை அவள் கண்டதே இல்லை. சட்டையைத் தலைக்கு மேலால் இழுத்துக் கழற்றி எறிந்துவிட்டு, "எனக்கும்! அப்பம்மா, எனக்கும் ஊத்துங்கோ!" என்று துள்ளிக்கொண்டு இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

கமலாசனி சாரங்காவைப் பார்த்தாள். சாரங்கா கயிற்றை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். கிணற்றுக் கட்டின் மேல் ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. கமலாசனி அதை இரண்டு கையாலும் தூக்கினாள். பிள்ளை தோளைக் குறுக்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தண்ணீர் விழ முன்னமே கிலுகிலுவென்று சிரித்தது.